வாட்டர் கூலிங் ரிசர்வாயர் லீக் ஆகுதா? பதறாம இதை மட்டும் செய்யுங்க!

ராத்திரி 11 மணி. ரெண்டு மாசமா உழைச்ச குறும்படத்தோட கடைசி எக்ஸ்போர்ட் 80 சதவிகிதத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. எதேச்சையாக கேபினெட் பக்கம் திரும்புகிறீர்கள். ரிசர்வாயரின் அடியில் ஒரு சொட்டு. நேர் கீழே கிராபிக்ஸ் கார்டு.

அந்த நொடியில் மனசுக்குள் ரெண்டு யோசனை வரும். "இன்னும் 20 சதவிகிதம்தானே, முடியட்டும், அப்புறம் பார்த்துக்கலாம்" என்பது ஒன்று. "துடைச்சிட்டு ஆன் பண்ணிப் பார்ப்போம்" என்பது இன்னொன்று. பல கம்ப்யூட்டர்களை முடித்துவைப்பது கசிந்த தண்ணீர் அல்ல, இந்த ரெண்டு யோசனைகள்தான்.

கரன்ட் இல்லாத போர்டில் தண்ணீர் பட்டால், சரியாகச் சுத்தம் செய்து காயவைத்து பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம். கரன்ட் ஓடும்போது பட்டால் ஷார்ட் சர்க்யூட் ஆகலாம். ஈரத்தோடு மின்சாரமும் சேர்ந்தால் செம்புப் பாதைகள் வேகமாக அரிக்கும். அதனால், லீக்கைப் பார்த்ததும் நீங்கள் செய்யும் முதல் அஞ்சு நிமிட வேலைதான் உங்கள் சேமிப்பு மிஞ்சுமா, போகுமா என்பதைத் தீர்மானிக்கும்.

இது யாருக்கு?

பம்ப், ரேடியேட்டர், வாட்டர் பிளாக், ரிசர்வாயர் என்று தனித்தனியாக வாங்கி, ட்யூப் போட்டு இணைத்த 'கஸ்டம் லூப்' வைத்திருப்பவர்களுக்கு. கூலன்ட்டைத் தேக்கிவைக்கும் குட்டித் தொட்டிதான் ரிசர்வாயர். நீங்கள் வைத்திருப்பது கடையில் மொத்தமாகவே வரும் 'ஏஐஓ' கூலர் என்றால், அதைப் பிரித்து ரிப்பேர் பண்ண வேண்டாம். கரன்ட்டை நிறுத்தி, கழற்றி, வாரன்டிக்கு அனுப்புங்கள்.

லீக் ஆனால் நம்ம கைவேலை சரியில்லை என்று நொந்துகொள்ளவும் வேண்டாம். 2004-ல் ஆப்பிள் விற்ற பவர் மேக் ஜி5 கம்ப்யூட்டரின் வேகமான மாடலில் கம்பெனியே பொருத்திய லிக்விட் கூலிங் இருந்தது. அதுவும் சில வருடங்களில் கசிவுக்குப் பெயர் போனது. தண்ணீர் இருக்கும் இடத்தில் கசிவும் இருக்கத்தான் செய்யும்.

முதல் அஞ்சு நிமிடம்

1. மெயின் கரன்ட்டை நிறுத்துங்கள். விண்டோஸ் பொறுமையாக ஷட் டவுன் ஆகும்வரை காத்திருக்க வேண்டாம். சுவர் ஸ்விட்ச்சை அணைத்து, பிளக்கையும் உருவுங்கள். கம்ப்யூட்டர் 'ஆஃப்' ஆகத் தெரிந்தாலும், பிளக் சொருகியிருந்தால் பவர் சப்ளை மதர்போர்டுக்கு 5 வோல்ட் கொடுத்துக்கொண்டேதான் இருக்கும்.

2. யூபிஎஸ், இன்வெர்ட்டர் இருக்கும் வீடு என்றால் கவனம். மெயின் போனாலும் அவை கரன்ட் கொடுக்கும். யூபிஎஸ்ஸில் சொருகிய பிளக்கைத்தான் உருவ வேண்டும். தண்ணீர் தரையில் இருக்கும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வரை போயிருந்தால் அதைத் தொடாதீர்கள். முதலில் எம்சிபி-யை இறக்குங்கள்.

3. ரிசர்வாயர் மூடியைத் திறக்காதீர்கள். பதற்றத்தில் எல்லோரும் இதைத்தான் செய்வார்கள். ஜூஸ் ஸ்ட்ராவின் மேல் ஓட்டையை விரலால் மூடினால் ஜூஸ் கீழே இறங்காது இல்லையா? மூடியிருக்கும் லூப்பும் அப்படித்தான். மேலே காற்று போக வழி இல்லாதவரை கசிவு மெதுவாக இருக்கும். மூடியைத் திறந்தால் சொட்டு, ஓட்டமாகிவிடும். அடியில் பாத்திரமும் டவலும் வைத்த பிறகு திறக்கலாம்.

4. கசியும் இடத்துக்குக் கீழே டிஷ்யூ, பழைய காட்டன் துணி வையுங்கள். கேபினெட்டை நினைத்தபடி சாய்க்க வேண்டாம். சாய்த்தால் இதுவரை நனையாத பாகமும் நனையும்.

5. லூப்பில் டிரெய்ன் வால்வு இருந்தால், ஒரு ட்யூபைப் பொருத்தி பாத்திரத்தில் விட்டு, இப்போது மேல் மூடியைத் திறந்து கூலன்ட்டை வெளியேற்றுங்கள். வால்வு இல்லையென்றால், இருப்பதிலேயே தாழ்வான ஃபிட்டிங்கின் அடியில் டவல் வைத்து மெதுவாகக் கழற்றுங்கள்.

நனைந்த பாகங்களுக்கு என்ன வைத்தியம்?

முதலில் வெளியே எடுக்க வேண்டியது எஸ்எஸ்டி. கார்டு போனால் காசு சேர்த்து வாங்கிக்கொள்ளலாம். அதில் இருக்கும் உங்கள் புராஜெக்ட்டை எந்தக் கடையிலும் வாங்க முடியாது. பல மதர்போர்டுகளில் எம்.2 எஸ்எஸ்டி, கிராபிக்ஸ் கார்டுக்கு அடியில்தான் ஒளிந்திருக்கும்.

அடுத்து கிராபிக்ஸ் கார்டு, ரேம் எல்லாவற்றையும் கழற்றுங்கள். மதர்போர்டில் இருக்கும் காசு மாதிரியான சிஆர்2032 பேட்டரியையும் எடுத்துவிடுங்கள். அதுவும் சின்ன அளவில் மின்சாரம் கொடுத்துக்கொண்டிருக்கும்.

"என் கூலன்ட் பாட்டில்ல கரன்ட் கடத்தாதுனு போட்டிருக்கே?" என்று கேட்கலாம். புதுசாக இருக்கும்போது கடத்தும் திறன் குறைவுதான். மாதக்கணக்கில் உலோகங்களோடு சுற்றிவரும்போது அயனிகள் கலந்து, அந்தத் திறன் கூடிவிடும். சொட்டு விழுந்த போர்டில் இருக்கும் தூசும் சேர்ந்துகொள்ளும். பாட்டிலில் எழுதியிருப்பதை நம்பி ரிஸ்க் எடுக்காதீர்கள்.

கலர் கூலன்ட் காய்ந்தால் பிசுபிசுப்பான படலம் விடும். அதனால் காயவைத்தால் மட்டும் போதாது. மென்மையான பிரஷ்ஷில் 99 சதவிகித ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்டு, நனைந்த இடத்தை நிதானமாகத் துடையுங்கள். ஜன்னலைத் திறந்து வையுங்கள். இது சட்டென்று தீப்பிடிக்கும் திரவம். பக்கத்தில் விளக்கு, அடுப்பு கூடாது.

பிறகு ஃபேன் காற்றில் 24 முதல் 48 மணி நேரம் வையுங்கள். ஹேர் டிரையர் சூடும் வேண்டாம், அரிசி மூட்டையும் வேண்டாம். ஸ்லாட்டுகளுக்குள்ளும் சிப்களுக்கு அடியிலும் இருக்கும் ஈரம் கடைசியில்தான் போகும். வெளியே காய்ந்திருக்கே என்று அவசரப்படாதீர்கள்.

பவர் சப்ளைக்குள் தண்ணீர் போயிருந்தால் அதைத் திறக்கவே கூடாது. பிளக்கை எடுத்த பிறகும் உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர்களில் ஆபத்தான அளவு மின்சாரம் தேங்கியிருக்கலாம். மாற்றிவிடுவதுதான் பாதுகாப்பு.

லீக் எங்கேன்னு எப்படிக் கண்டுபிடிக்கறது?

சொட்டு தொங்கும் இடம், லீக் ஆகும் இடமாகவே இருக்க வேண்டும் என்றில்லை. மேலே கசியும் தண்ணீர் ட்யூப் வழியாக வழிந்து, தாழ்வான இடத்தில் வந்து நிற்கும். எல்லாவற்றையும் நன்றாகத் துடைத்துவிட்டு, ஒவ்வொரு மூட்டிலும் டிஷ்யூ பேப்பரைச் சுற்றி வையுங்கள். இருப்பதிலேயே மேலே எந்த டிஷ்யூ நனைகிறதோ, அங்கிருந்து தேடுங்கள். காய்ந்துபோன கலர் கறையும் நல்ல தடயம்.

ரிசர்வாயரில் பார்க்க வேண்டிய இடங்கள் அஞ்சு: மேல் மூடி, உருளையும் அடிப்பகுதியும் சேரும் இடம், ட்யூப் ஃபிட்டிங், பயன்படுத்தாத துளையை அடைத்திருக்கும் ஸ்டாப் பிளக், ரிசர்வாயரின் உடம்பு.

லெவல் இறங்கினாலே லீக் என்று முடிவு கட்டவும் வேண்டாம். புதுசாக நிரப்பிய லூப்பில் ரேடியேட்டருக்குள் சிக்கிய காற்றுக் குமிழ்கள் வெளியேற சில நாள் ஆகும். அதுவரை லெவல் இறங்கும். ரப்பர் ட்யூப் வழியாகவும் மாதக்கணக்கில் கொஞ்சம் ஆவியாகும். ரிசர்வாயரில் ஒரு துண்டு டேப் ஒட்டி லெவலைக் குறித்து வையுங்கள். முதல் சில நாள்களுக்குப் பிறகும் மளமளவென இறங்கினால் சந்தேகப்படலாம்.

டெஃப்லான் டேப் சுத்தலாமா?

கூடாது. வீட்டில் குழாய் ஒழுகினால் டெஃப்லான் டேப், எம்-சீல், ஸ்பேனரில் ஒரு இறுக்கு என்பது நம் பழக்கம். அந்த மூன்றுமே இங்கே தப்பு.

வாட்டர் கூலிங்கில் பெரும்பாலும் இருப்பது 'ஜி 1/4' வகை மரை. இதில் மரை பிடித்துவைக்க மட்டும்தான். தண்ணீரைத் தடுப்பது ஃபிட்டிங்கின் அடியில் இருக்கும் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம். டேப் சுற்றினால் அந்த வளையம் தட்டையாக உட்காராமல் போகும். லீக்கை நிறுத்தப்போய், நீங்களே புது லீக்கை உண்டாக்கிவிடுவீர்கள்.

ஸ்பேனர் போட்டால் இன்னும் மோசம். ஓ-ரிங் நசுங்கிப் பிதுங்கும். அக்ரிலிக்கில் விரிசல் விழும். கையால் திருகி, வளையம் லேசாக அழுந்தி நின்றதும் நிறுத்திவிடுங்கள்.

அப்போ எப்படித்தான் சரிபண்றது?

* ஃபிட்டிங், மூடி, பிளக் கசிந்தால்: கழற்றி ஓ-ரிங்கைப் பாருங்கள். வெட்டு, தட்டை, தூசு, முடி ஏதாவது இருக்கும். அதே அளவில் புதுசு போடுங்கள். பொருத்தும்முன் கூலன்ட்டோ சிலிகான் கிரீஸோ லேசாகத் தடவினால் வளையம் முறுக்காமல் உட்காரும். வாஸ்லின் தடவாதீர்கள். இபிடிஎம் வகை ரப்பரை அது ஊதவைத்துக் கெடுத்துவிடும்.

* அடி மூட்டு கசிந்தால்: பிரித்து, வளையம் உட்காரும் பள்ளத்தைச் சுத்தம் செய்து, புது ஓ-ரிங் போடுங்கள். மூட்டில் ஸ்க்ரூக்கள் இருந்தால், எதிரெதிர் மூலையாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். ஒரே பக்கம் முழுசாக இறுக்கினால் மறுபக்கம் தூக்கிக்கொள்ளும்.

* உடம்பில் விரிசல் என்றால்: சிலந்தி வலை மாதிரி மெல்லிய கோடுகள் தெரிந்தாலும் மாற்றிவிடுங்கள். பசை, எம்-சீல் எல்லாம் இன்னொரு ராத்திரிக்கு வைத்த வெடிதான்.

அந்தச் சிலந்தி வலைக் கோடுகளுக்கு ஒரு முக்கியக் காரணம் ஆல்கஹால். போர்டைத் துடைத்த அதே ஐசோப்ரொப்பைலால் அக்ரிலிக் ரிசர்வாயரைப் பளபளப்பாக்க நினைக்காதீர்கள். இறுக்கத்தில் இருக்கும் அக்ரிலிக்கை அது வெடிக்கவைக்கும். ரிசர்வாயருக்கு சோப்புத் தண்ணீர் போதும்.

திரும்ப ஆன் பண்ணும்முன் ரெண்டு டெஸ்ட்

முதல் டெஸ்ட் காற்று. இதற்கென்றே மீட்டர் வைத்த கைப் பம்ப் கிடைக்கிறது. லூப்பில் தண்ணீர் இல்லாதபோது, சுமார் 0.5 பார் அழுத்தம் ஏற்றி அரை மணி நேரம் விடுங்கள். இது ஏறத்தாழ 7 பிஎஸ்ஐ. பைக் டயரில் 28 பிஎஸ்ஐ காற்று அடித்தால் அதில் கால்வாசி. உங்கள் ரிசர்வாயரின் மேனுவலில் இதைவிடக் குறைந்த அளவு சொல்லியிருந்தால் அதையே பின்பற்றுங்கள். டயர் பம்ப்பைக் கொண்டு வேகமாக ஏற்ற வேண்டாம். முள் இறங்கினால் எங்கோ கசிகிறது. நடுவில் ஏசி போட்டாலும் காற்று குளிர்ந்து முள் லேசாக இறங்கும் என்பதையும் மனதில் வையுங்கள்.

ரெண்டாவது டெஸ்ட் தண்ணீர். மதர்போர்டு, கிராபிக்ஸ் கார்டுக்குப் போகும் எல்லா பவர் கேபிளையும் கழற்றிவிட்டு, பம்ப்புக்கு மட்டும் கரன்ட் கொடுங்கள். 24 பின் கேபிளில் சொருகும் ஜம்பர் பிளக் தனியாகக் கிடைக்கும். பேப்பர் கிளிப் வித்தை வேண்டாமே! மூட்டெல்லாம் டிஷ்யூ சுற்றி, 24 மணி நேரம் ஓடட்டும். இந்த நேரத்தில் கசிந்தாலும் போர்டில் கரன்ட் இல்லாததால் நஷ்டம் குறைவு. தண்ணீர் இல்லாமல் மட்டும் பம்ப்பை ஓட்டாதீர்கள். அதற்கு எண்ணெய் மாதிரி வேலை செய்வதே அந்தத் தண்ணீர்தான்.

மறுபடி வராம இருக்க...

* ரிசர்வாயரைக் கழுத்துவரை நிரப்பாதீர்கள். 30 டிகிரியில் இருக்கும் 1 லிட்டர் தண்ணீர் 50 டிகிரிக்குச் சூடானால் சுமார் 8 மில்லி விரியும். மேலே காற்றுக்கு இடம் இல்லையென்றால் அந்த அழுத்தம் மூட்டுகளைத்தான் தள்ளும்.

* அலுமினியமும் செம்பும் ஒரே லூப்பில் வேண்டாம். ரெண்டும் சேர்ந்தால் அலுமினியம் அரித்துக்கொண்டே போகும்.

* ஆர்ஓ தண்ணீர், கேன் தண்ணீர் ஊற்றாதீர்கள். ரெடிமேட் கூலன்ட், அல்லது டிஸ்டில்டு வாட்டரோடு அரிப்பையும் பாசியையும் தடுக்கும் கலவை ஊற்றுங்கள். 6 முதல் 12 மாதத்துக்குள் மாற்றுங்கள்.

* கூலன்ட் மாற்றும் ஒவ்வொரு முறையும் ஓ-ரிங்குகளைப் பாருங்கள். ஒரு பாக்கெட் ஸ்பேர் எப்போதும் கையில் இருக்கட்டும்.

* முடிந்தால் ரிசர்வாயரின் மூட்டு, கிராபிக்ஸ் கார்டுக்கு நேர் மேலே வராதபடி பொருத்துங்கள். லீக் ஆனாலும் சொட்டு வெறும் தகட்டில் விழட்டும்.

கடைசியாக, அந்த 80 சதவிகித எக்ஸ்போர்ட். பிளக்கை உருவினால் அது போகத்தான் செய்யும். ஆனால், புராஜெக்ட் ஃபைலின் ஒரு காப்பி வெளி ஹார்டு டிஸ்க்கில் இருந்தால், நாளைக்கு வேறொரு கம்ப்யூட்டரில் மறுபடி ஓட்டிக்கொள்ளலாம். காப்பி இல்லாதவருக்குத்தான் பிளக்கை உருவக் கை வராது. அதனால், ஓ-ரிங் வாங்குவதற்கு முன்னாடி இன்றைக்கு ராத்திரியே பேக்கப் எடுத்து வையுங்கள்!