தனுஷ்கோடியில் ஒரு மீன் சாப்பாடு



போன ஞாயிறு பேரப்பிள்ளைகளோடு தனுஷ்கோடி போயிருந்தேன். கீற்றுக் கொட்டகைக் கடை ஒன்றில் ஐந்து பேர் மீன் சாப்பாடு சாப்பிட்டோம். தொகையைக் கேட்டதும், "என்னப்பா, இந்த விலை சொல்றே?" என்று கேட்டுவிட்டேன். கடைக்காரன் என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்தவன், இப்போது தலை நரைத்துவிட்டது. "சார், கணக்குச் சொல்லிக் கொடுத்ததே நீங்கதானே, நீங்களே போட்டுப் பாருங்க" என்று சிரித்தபடி நூறு ரூபாய் குறைத்துக்கொண்டான்.

வீட்டுக்கு வந்து போட்டுப் பார்த்தேன்.

என் அப்பா காலத்தில் டீக்கடைக் கணக்கு அணாவில்தான். 1957 ஏப்ரல் 1-ல் நயா பைசா வந்தது. 16 அணா 100 பைசா ஆனது. ஓரணா என்பது ஆறேகால் பைசா. கால் பைசாவுக்கு எங்கே போவது? 6 பைசா என்று வைத்துக்கொண்டார்கள். அப்போது தனுஷ்கோடி ரயிலும் தலைமன்னார் கப்பலும் வந்துபோன ஊர். 1964 டிசம்பர் புயலோடு எல்லாம் போயிற்று.

1984-ல் நான் வேலையில் சேர்ந்தபோது எங்கள் பள்ளி வாசலில் டீ 50 பைசா. என் சம்பளம் ஆயிரத்தைத் தொடவில்லை. இன்று டீ 15 ரூபாய், அதாவது 30 மடங்கு. இடைநிலை ஆசிரியருக்குத் தொடக்க அடிப்படைச் சம்பளமே 20,600 ரூபாய், அகவிலைப்படி சேர்ந்தால் முப்பதாயிரத்தைத் தாண்டும். அதுவும் 30 மடங்குக்கு மேல்தான். ஆக, வாத்தியாருக்கு டீ விலை ஏறவே இல்லை!

என் மாணவன் கணக்கு வேறு. 2017 ஜூலையில் அரிச்சல்முனை வரை சாலை திறந்த பிறகு கூட்டம் வருகிறது, உண்மைதான். ஆனால் ஐஸ், கேஸ், அரிசி எல்லாம் ராமேஸ்வரத்திலிருந்து சுமார் 20 கிலோமீட்டர் வர வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது, மீன் விலை ஏறும். காற்று மழை என்றால் சுற்றுலாக்காரர் வரமாட்டார்கள். விலைவாசி ஏறினால் எனக்கு அகவிலைப்படி ஏறுகிறது. அவனுக்கு யார் தருவார்கள்? அவன் சாப்பாட்டு விலையை ஏற்றினால்தான் உண்டு. அதையும் நான் பேரம் பேசிக் குறைத்துவிட்டு வந்திருக்கிறேன்.

வரும் ஞாயிறு மறுபடி போகிறேன், அந்த நூறு ரூபாயைக் கொடுத்துவிட்டு வர. கணக்கில் வாத்தியார் தோற்றதாக அவன் ஊரெல்லாம் சொல்லட்டும்.

உங்கள் ஊரில் நீங்கள் முதன்முதலில் காசு கொடுத்துக் குடித்த டீ என்ன விலை? கீழே எழுதுங்கள்.