நினைவகம் கோத்த தீவு

ஜார்ஜ் டவுனின் ஆகப் பழைய தெருக்களில் ஒன்று சூலியா தெரு. 1786-இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்காகப் பிரான்சிஸ் லைட் பினாங்குத் தீவில் இறங்கிய சில ஆண்டுகளிலேயே சோழமண்டலக் கரையின் தமிழ் முஸ்லிம் வணிகர்கள் இங்கே கடை விரித்துவிட்டார்கள். பக்கத்திலேயே 1801-இல் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் எழுந்தது. கிங் தெரு வந்து சேரும் முனையில் நாகூர் ஆண்டவருக்கு ஒரு தர்காவும் அமைந்தது. சுங்கவரி இல்லாத துறைமுகம் என்ற ஒரே சலுகைதான் இந்தத் தெருவின் கப்பல் வணிகத்தை நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் தாங்கியது.

1969-இல் அந்தச் சலுகை பறிபோனது. வேலையில்லாத் திண்டாட்டம் தீவை அமுக்கியது. அதே ஆண்டு முதலமைச்சரான லிம் சொங் இயூ, கப்பலை நம்பியது போதும் என்று மின்னணுத் தொழிலுக்கு வலைவீசினார். 1972-இல் பயான் லெப்பாஸ் சுதந்திர வணிக வட்டாரம் திறந்தது. இன்டெல், ஏஎம்டி, ஹியூலெட்-பேக்கர்ட் எல்லாம் அந்தக் காலகட்டத்தில் வந்தவைதாம்.

ஹியூலெட்-பேக்கர்ட் பினாங்கில் முதலில் செய்த வேலை கணினி நினைவகம் கோப்பது. கோப்பது என்றால் நிஜமாகவே கையால் கோப்பதுதான். கடுகை விடச் சிறிய ஃபெரைட் வளையங்கள். ஒவ்வொன்றின் துளைக்குள்ளும் தலைமுடி போன்ற கம்பிகளை நுழைத்து, வரிசை வரிசையாகப் பின்ன வேண்டும். ஒரு வளையத்துக்கு ஒரு பிட். ஒன்று பிசகினாலும் தட்டு சரியாக வேலை செய்யாது. மல்லிகைச் சரம் தொடுப்பவர்களின் விரல் நிதானம் இருந்தால்தான் இது கைகூடும். உலகின் கணினிகள் எதையாவது நினைவில் வைத்துக்கொண்டன என்றால், அதில் இந்தத் தீவின் உழைப்பும் இருந்தது. கணினி வரலாற்றுப் புத்தகங்கள் கலிஃபோர்னியாவின் கார் கொட்டகைகளைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகின்றன. இந்தக் கைகளுக்கு ஒரு பத்தி ஒதுக்குவதே அபூர்வம்.

வளைய நினைவகம் சீக்கிரமே வழக்கொழிந்தது. சிப்புகள் வந்தன. எண்பதுகளின் கணினி ஒன்றைத் திறந்து பார்த்தால், உள்ளே ஏதாவதொரு சிப்பின் முதுகில் ‘மலேசியா’ என்று அச்சாகியிருப்பதைப் பல நேரம் காணலாம். அந்தப் பழைய கணினிகளில் பல இன்றும் ஓடுகின்றன. ஓடாமல் போவது பிளாப்பி வட்டுதான்.

1982-இல் வந்த கமடோர் 64 கணினியையும் அதன் 1541 பிளாப்பி டிரைவையும் எடுத்துக்கொள்ளலாம். வட்டின் ஒரு பக்கத்தில் 683 செக்டர், செக்டருக்கு 256 பைட். மொத்தம் 1,74,848 பைட். இன்றைய கைப்பேசிப் படம் ஒன்றுக்குக்கூட அது காணாது. அன்று ஒரு பக்கத்தில் ஒரு முழு விளையாட்டு அடங்கியது. பினாங்கு போன்ற ஈரக்காற்று ஊர்களில் இந்த வட்டுகளுக்குப் பெரிய எதிரி பூஞ்சணம். உறையின் ஜன்னல் வழியே வட்டைச் சுழற்றிப் பார்த்தால், பழுப்புப் பரப்பில் வெண்புள்ளிகள் படர்ந்திருக்கும். அப்படியே டிரைவில் போட்டால் படிக்கும் முனை அழுக்கேறி, அடுத்து வரும் நல்ல வட்டையும் கீறிவிடும்.

இந்த இடத்தில்தான் எஸ்டி கார்டு உதவிக்கு வருகிறது. 1999-இல் மட்சுஷிட்டா, தொஷிபா, சான்டிஸ்க் மூன்றும் சேர்ந்து அறிவித்த இந்த அட்டை, மலிவான மைக்ரோகன்ட்ரோலரும் பேசக்கூடிய எளிய இணைப்பு முறை ஒன்றையும் தன்னோடு வைத்திருந்தது. ஆர்வலர்கள் அதைப் பற்றிக்கொண்டார்கள். இங்கோ கார்ப் உருவாக்கிய எஸ்டி2ஐஇசி என்ற சிறு பலகை, கமடோரின் கேபிளில் அமர்ந்து, டிரைவ் போலவே பதில் சொல்கிறது. எதிர்முனையில் இருப்பது பிளாப்பி இல்லை என்பது கணினிக்குத் தெரியவே தெரியாது. 32 ஜிபி அட்டை ஒன்றில் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட வட்டுகளின் படிமங்களை வைக்கலாம். ஆனால் 1541 தனக்கென்று ஒரு செயலியும் 2 கேபி நினைவகமும் கொண்ட தனிக் கணினி. அந்தச் செயலிக்கே கட்டளை அனுப்பும் விளையாட்டுகள் பல இந்தச் சிறு பலகையில் தடுக்கி விழும். அவற்றுக்கு டிரைவை முழுமையாக நடித்துக்காட்டும் பை1541 போன்றவை வேண்டும்.

இந்த அட்டையை அறிவித்த நிறுவனங்களில் ஒன்றும் நம்மைப் பினாங்குக்கே திருப்பிக் கொண்டுவருகிறது. சான்டிஸ்க் தன் ஆலையை அமைத்த பத்து காவான், மாநிலத்தின் பெருநிலப் பகுதியில், செபராங் பிறையில் இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அது கரும்புத் தோட்டம். ஒப்பந்தக் கூலிகளாக வந்த தமிழர்கள் வெட்டிய கரும்பு.

பழைய விளையாட்டுகளுக்கு உலகெங்கும் காவலர்கள் உண்டு. தமிழ் பிளாப்பிகளின் நிலைமை வேறு. மலேசியாவின் முத்து நெடுமாறன் 1980-களின் நடுவில் ‘முரசு’ மென்பொருளை உருவாக்கியதிலிருந்து, தமிழ் எழுத்து வட்டுகளில் சேரத் தொடங்கியது. திருமண அழைப்பிதழ், சங்க மலர், கோயில் ஆண்டறிக்கை, சிறுகதை எல்லாமே அந்தத் தலைமுறையில் பிளாப்பியில் கைமாறின. டிரைவைப் போல நடிக்கும் எமுலேட்டர் ஏற்கெனவே படிமமாக்கிய வட்டைத்தான் ஓட்டும். படிமம் எடுப்பது தனி வேலை. அதற்கு கெய்ர் ஃப்ரேசரின் கிரீஸ்வீசல் போன்ற பலகைகள் காந்தத் துடிப்புகளை நேரடியாகவே பதிவு செய்கின்றன. பூஞ்சணம் பிடித்த வட்டை முதலில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைக்க வேண்டும்.

படிமம் கிடைத்த பிறகும் தமிழுக்கு இன்னொரு பூட்டு பாக்கி இருக்கிறது. யூனிகோடுக்கு முந்தைய ஒவ்வொரு எழுத்துருவும் தனக்கென ஒரு குறியீட்டை வைத்திருந்தது; 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட்99 மாநாடு டாம், டாப் என்ற பொதுக் குறியீடுகளை வகுக்கும்வரை நிலைமை அதுதான். எந்த எழுத்துருவில் அடித்தது என்று தெரியாவிட்டால், மீட்ட கோப்பு வெறும் குறிகளின் குவியலாகவே நிற்கும். அன்று தட்டச்சு செய்தவர்களும் அச்சகம் வைத்திருந்தவர்களும் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். வட்டைப் படிக்கும்போதே அவர்களைக் கேட்டு, எழுத்துருவின் பெயரை உறைமேல் எழுதிவைப்பது இப்போது முடியக்கூடிய காரியம்.