இறாலின் முதுகில் ஓடும் கறுப்பு நூல்

இறால் துப்புரவாக்கும்போது முதுகைக் கீறி ஒரு கறுப்பு நூலை எடுப்போமே, அதைப் பலர் நரம்பு என்கிறார்கள். அது நரம்பல்ல, குடல். இறாலின் நரம்பு நாண் வயிற்றுப் பக்கம் ஓடுகிறது. நமக்கோ முண்ணாண் முதுகில், குடல் வயிற்றில். அப்படியே தலைகீழ்.

விலங்குகளின் உடலமைப்பைப் பற்றி நம் பிள்ளைகள் மனப்பாடம் செய்கிற அட்டவணைக்குப் பின்னால் ஒரு பெரிய சண்டை இருக்கிறது. நடந்தது பாரிஸில். ஜெஃப்ருவா 21 வயதிலேயே பேராசிரியரானவர். 1798இல் நெப்போலியன் படையோடு எகிப்துக்குப் போன அறிஞர்களில் ஒருவர் (அந்தப் படையெடுப்பைப் பற்றி வேறொரு நாள் எழுதுவோம்). மற்றவர் குவியே. 1795இல் குவியே பாரிஸுக்கு வந்தபோது கை கொடுத்தவர்களில் ஜெஃப்ருவாவும் ஒருவர். இருவரும் சேர்ந்தே கட்டுரைகள் எழுதினார்கள்.

குவியே விலங்குகளை நான்காகப் பிரித்தார்: முள்ளந்தண்டுளிகள், கணவாய் சிப்பி போன்ற மெல்லுடலிகள், இறால் பூச்சி போன்ற துண்டுபட்ட உடலுள்ளவை, நட்சத்திரமீன் போன்ற ஆரைச் சமச்சீருள்ளவை. ஒன்றுக்கும் மற்றதற்கும் பாலமே கிடையாது என்றார்.

ஜெஃப்ருவா 1822இல் ஒரு சிங்கி இறாலை மல்லாத்திப் போட்டுப் பார்த்தார். நரம்பு நாண் மேலே, நடுவில் குடல், கீழே இதயம். நம்முடைய அதே ஒழுங்கு! எல்லாவற்றுக்கும் அடிப்படைத் திட்டம் ஒன்றுதான் என்றார்.

1830 பெப்ரவரியில் விஞ்ஞானக் கழகத்தில் மோதல் வெடித்தது. முள்ளந்தண்டுளியைப் பின்பக்கமாக மடித்தால் கணவாயின் அமைப்பு வரும் என்று இரண்டு இளைஞர்கள் எழுதியிருந்தார்கள். ஜெஃப்ருவா அதற்குத் துணை நின்றார். குவியே வரைபடங்களோடு வந்து அதை உடைத்தெறிந்தார். கணவாய் விடயத்தில் குவியே சொன்னதுதான் சரி.

அந்த ஆண்டு ஜூலையில் பிரான்சில் புரட்சி. செய்தி வந்த நேரம், ஜெர்மனியில் 80 வயதுக் கவிஞர் கோதே "பெரிய சம்பவம் நடந்துவிட்டது" என்று பரபரத்தாராம். வந்தவர் புரட்சி என்று நினைத்தார். கோதே பேசியதோ இந்த விவாதத்தைப் பற்றி!

1832இல் குவியே இறந்தார். மல்லாத்திய இறால் நீண்ட காலம் கேலிப்பொருளாகவே இருந்தது. 1990களில்தான் கதை மாறியது. தவளை முளையத்தில் முதுகுப் பக்கத்தைத் தீர்மானிக்கும் ஒரு பரம்பரையலகுக்கு இணையானது பழ ஈயிலும் இருந்தது. ஆனால் ஈயில் அது வேலை செய்வது வயிற்றுப் பக்கத்தில். ஈயினுடையதைத் தவளை முளையத்தில் செலுத்தினால் அங்கும் முதுகுப் பகுதியையே உருவாக்கியது. எந்தப் பக்கமானாலும், நரம்புத் தொகுதி உருவாவது அது வேலை செய்யும் பக்கத்தில்தான். கணவாயில் தோற்ற ஜெஃப்ருவா இறாலில் தோற்கவில்லை.

குவியேயின் பெட்டிகளும் நிலைக்கவில்லை. ஆரைச் சமச்சீர் என்று அவர் தனியே வைத்த நட்சத்திரமீனின் குடம்பி இருபக்கச் சமச்சீர் உள்ளது. இன்றைய விஞ்ஞான வகைப்பாட்டில் நமக்கு இறாலைவிட நட்சத்திரமீனே நெருக்கம்.