குதிரைச் சேண உறுப்புகளை இனங்காணல்: மெல்சன்பித் தொகுதி உணர்த்தும் உண்மை

நிலத்தினின்றும் கிடைக்கும் வெண்கல வளையமொன்றைக் கைவளை என்றோ பேழையின் கைபிடி என்றோ கொள்ளுதல் எளிது. அது குதிரைச் சேணத்தின் உறுப்பாகவும் இருக்கலாம். இவ்வையத்தைத் தீர்ப்பதற்கு வடிவம், தேய்வு, கிடைத்த இடம் ஆகிய மூன்றும் நோக்கற்பாலன.

பிரித்தானியாவின் இரும்புக்காலத் தேர்களை இரு சிறு குதிரைகள் இழுத்தன. அவற்றின் நுகத்தின்மீது வழக்கமாக ஐந்து வார்வளையங்கள் பொருத்தப்பட்டன. சிறியன நான்கினூடாகக் கடிவாள வார்கள் சென்றன. பெரியதொன்று நடுவில் அமைந்தது. நுகத்தில் பிணித்தற்கேற்ற அடிப்பாகமும், வார் உராய்ந்த உட்புறத் தேய்வும் இவ்வளையத்தைக் கைவளையினின்றும் வேறுபடுத்துகின்றன. வார்கள் சந்திக்குமிடத்தில் அமைந்த அணித்தகட்டினை, அதன் பின்புறத்தே வார் நுழைதற்கென அமைந்த கண்ணிகளாலே அறியலாம்.

எனினும், தனித்த பொருள் தன் பெயரை மட்டுமே கூறும். வரலாற்றைக் கூறுவது தொகுதியே. 1840களில் வட யோக்சயரின் மெல்சன்பிக்கு அருகே கிடைத்த சேண உறுப்புகள் பிரித்தானிய நூதனசாலையைச் சேர்ந்தன. அவை எவ்வாறு புதைந்து கிடந்தன என்பதற்குத் தெளிவான பதிவில்லை. 2021 இல் அதே ஊரில், உலோகங்காண் கருவியோடு தேடிய ஒருவர் சில பொருள்களைக் கண்டதும் தோண்டுதலை நிறுத்தி அறிஞர்க்கு அறிவித்தார். 2022 இல் டேர்ஹம் பல்கலைக்கழகத்தார் அவ்விடத்தை முறைப்படி அகழ்ந்தனர். பின்னிக்கிடந்த பொருட்திரளொன்று பிரிக்கப்படாமலே ஊடுகதிர்ப் படப்பிடிப்பால் ஆராயப்பட்டது. 2025 இல் வெளியிடப்பட்ட முடிவுகளின்படி எண்ணூறுக்கு மேற்பட்ட பொருள்கள் கிடைத்தன. குறைந்தது 14 குதிரைகளுக்குரிய சேண உறுப்புகளும், மத்தியதரைப் பகுதிப் பவளம் பதித்த அணிகளும், நான்கு சக்கர வண்டிகளின் பாகங்களும் அவற்றுள் அடங்கும். பல பொருள்கள் வேண்டுமென்றே எரிக்கவும் உடைக்கவும் பட்டிருந்தன.

அருகிலுள்ள ஸ்ரான்விக், பிரிகான்ரியரின் தலைமையிடமாகக் கருதப்படுவது. றோமர் ஆட்சி எட்டுமுன்னரே அம்மக்கள் பெற்றிருந்த செல்வமும் தொலைதூரத் தொடர்பும் இத்தொகுதியாற் புலனாகின்றன. பொருள்கள் ஒவ்வொன்றாகப் பிடுங்கப்பட்டிருப்பின் வளையங்கள் எஞ்சியிருக்கும். எரித்தழித்த சடங்கு மறைந்திருக்கும்.

இலங்கையில் 1940 ஆம் ஆண்டின் தொல்பொருட் கட்டளைச்சட்டம் அனுமதியற்ற அகழ்வைத் தடுக்கின்றது. ஆயினும் புதையல் தோண்டுதல் ஒழிந்தபாடில்லை. பொருளை எடுப்பவன் மண்ணிலுள்ள சான்றை அழிக்கின்றான் என்பதை நாமும் உணர்தல் வேண்டும்.