பல்சூழ் நீர்க்கட்டி

பல்சூழ் நீர்க்கட்டி என்பது தாடை எலும்பினுள் முளைக்காமல் தங்கிய பல்லின் தலைப்பகுதியைச் சூழ்ந்து உருவாகும், நீர் நிறைந்த பை ஆகும். இது பெரும்பாலும் 10 முதல் 30 வயதுக்கு உட்பட்டவர்களிடம் கண்டறியப்படுகிறது. கீழ்த்தாடை ஞானப்பல்லிலும் மேல்தாடைக் கோரைப்பல்லிலும் மிகுதியாகத் தோன்றுகிறது. சிறுவர்களில், சொத்தையான பாற்பல்லின் தொற்று அடியிலுள்ள நிலைப்பல்லின் உறைக்குப் பரவுவதும் ஒரு காரணமாகலாம்.

கண்டறிதல்

தொடக்கத்தில் பெரும்பாலும் வலி இராது. உரிய வயதில் பல் முளைக்காமை, தாடை வீக்கம், அருகிலுள்ள பற்கள் விலகுதல் ஆகியன அறிகுறிகளாகும். எக்ஸ் கதிர்ப் படத்தில் பல்லின் தலையைச் சுற்றித் தெளிவான விளிம்புடைய கரிய பகுதி தெரியும். வேறு சில கட்டிகளும் இவ்வாறே தோன்றுவதால், திசு ஆய்வே நோயை உறுதி செய்கிறது.

சிறுவர்களின் தாடை வீக்கம் அனைத்தும் நீர்க்கட்டியால் ஏற்படுவதில்லை. 2019 ஆம் ஆண்டு சென்னை சவீதா பல் மருத்துவக் கல்லூரியில், 7 வயதுச் சிறுவனின் கீழ்த்தாடையிலிருந்து அகற்றப்பட்ட பையில் 526 பற்கள் இருந்தன. அது ஓடோன்டோமா எனப்படும் பல்திசுக் கட்டி ஆகும். அவ்வீக்கம் அவனது 3 வயதிலேயே காணப்பட்டது.

சிகிச்சை

பெரியவர்களுக்குப் பொதுவாகக் கட்டியும் அதிலுள்ள பல்லும் சேர்த்து அகற்றப்படுகின்றன. வளரும் வயதினருக்குப் பல்லைக் காப்பதே நோக்கமாதலால், கட்டியின் சுவரில் ஒரு திறப்பு ஏற்படுத்தி, அதன் விளிம்பை வாயின் உட்தோலுடன் தைக்கின்றனர். நீர் வடிந்து அழுத்தம் குறைய, எலும்பு மீண்டும் வளர்கிறது. பல்லும் பல நேரங்களில் தானாகவே முளைக்கிறது. வேர் முழுமையடையுமுன் கண்டறிந்தால் இவ்வாய்ப்பு கூடுதலாகும். கவனியாது விட்டால் எலும்பு மெலிந்து தாடை முறியவும் கூடும்.