கரையும் இளந்தலைமுறையும்: கிழக்கிலங்கைச் சுற்றுலா பற்றிய ஒரு வரலாற்றுக் குறிப்பு

நிலைபேறான சுற்றுலா பற்றி நமது இளைஞரிடையே விழிப்புணர்வு உண்டா என்னும் வினா இன்று அடிக்கடி எழுப்பப்படுகின்றது. கடற்கரையிற் குப்பை போடலாகாது, முருகைக்கற்களை மிதிக்கலாகாது என்பவற்றை அவர்கள் நன்கறிவர். அக்கரை யாருடையது என்பதோ அவர்களுக்குக் கற்பிக்கப்படுவதில்லை. இவ்விடைவெளி தற்செயலானதன்று, அதற்கொரு வரலாறு உண்டு.

1966 ஆம் ஆண்டின் 10 ஆம் இலக்கச் சட்டத்தினால் இலங்கை உல்லாசப் பயணச் சபை நிறுவப்பட்டது. தொடர்ந்து வந்த 1967-1976 பத்தாண்டுத் திட்டம் கிழக்குக் கரையையும் அபிவிருத்திக்குரிய பிராந்தியங்களுள் ஒன்றாகக் கொண்டது. அந்நியச் செலாவணித் தேவையே இம்முயற்சியின் உந்துவிசை. பாசிக்குடாவிலும் கல்குடாவிலும் விடுதிகள் எழுந்தன. முற்போக்காளராகிய நாம் இதனைப் பெரும்பாலும் பண்பாட்டுச் சீரழிவாகவே நோக்கினோம். கரைவலை இழுக்கவும், வள்ளம் ஏற்றவும், கருவாடு காயவிடவும், வாடி அமைக்கவும் வேண்டிய கரைநிலம் ஓர் உற்பத்திச் சாதனம் என்பதற்கு உரிய அழுத்தம் கொடுத்தோமல்லோம்.

1983 இன் பின்னர் மூண்ட போர் கிழக்கின் சுற்றுலாவை முடக்கியது. 2004 டிசெம்பர் 26 ஆம் திகதிய ஆழிப்பேரலை கரையோரக் குடியிருப்புகளை அழித்தது. அதனையடுத்துத் தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றரும், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றரும் கட்டடத் தடை வலயங்களாக அறிவிக்கப்பட்டன. கடற்றொழிலாளரின் வீட்டைத் தடுத்த அவ்விதி, சுற்றுலா விடுதிகளுக்கு விலக்களித்தது. பின்னர் அது தளர்த்தப்பட்டதாயினும், கரை யாருக்கு என்பதில் அரசின் சார்புநிலை வெளிப்பட்டுவிட்டது. போர் முடிந்த 2009 இன் பின்னர் பாசிக்குடாவில் பெருவிடுதிகள் எழுந்தபோது அச்சார்பே தொடர்ந்தது.

இச்சூழலில் இளைஞரின் மனப்பாங்கு ஒருபடித்தானதாக இருத்தல் இயலாது. நகரத்து மாணவனுக்குக் கரை ஒரு காட்சி. அதனைத் தூய்மையாக வைத்திருத்தல் அவனது அறம். கடற்றொழிற் குடும்பத்து இளைஞனுக்கோ விடுதி என்பது தந்தையின் இழப்பு; அதுவே அவனது கூலியுமாகும். அவனது தயக்கத்தை அறியாமை எனக் கூறுதல் தவறு. அது வாழ்நிலை தோற்றுவித்த முரண்பாடு. 2019 இன் உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புகளும் 2020 இன் பெருந்தொற்றும் சுற்றுலாவை முடக்கியபோது இம்முரண்பாடு கூர்மையடைந்தது. விடுதி மூடப்பட்டவன் கடலுக்குத் திரும்புவதற்கும் கரை வேண்டும்.

நிலைபேறு என்னும் கருத்தைப் பரவலாக்கிய 1987 ஆம் ஆண்டின் புறண்ட்லாந்து அறிக்கை, வருந்தலைமுறையினரின் தேவைகளைப் பற்றி மட்டும் பேசவில்லை. வறியோரின் அடிப்படைத் தேவைகளுக்கே முதன்மை வேண்டும் எனவும் அது கூறிற்று. நமது பாடங்களிலும் பிரசாரங்களிலும் முன்னைய பகுதி நிலைத்தது, பின்னையது மறைந்தது. மறைந்த பகுதியை மீட்டு, கரைமீதான உரிமையை விழிப்புணர்வின் உள்ளடக்கமாக்குதல் வேண்டும். அதுவரை நம் இளைஞர் பெறுவது அரைவிழிப்பே.