சிலேட்டு முதல் வெண்திரை வரை: கணித வகுப்பில் எழுதுபவர் யார்?



வகுப்பறைக்குப் புதிய கருவி ஒன்று வரும்போதெல்லாம், இனிக் கற்பித்தல் எளிதாகிவிடும் என்று கூறுவது வழக்கம். நான் அக்கருவியை ஒரு கேள்வியால் அளந்து பார்ப்பேன். அதில் எழுதுபவர் யார்? ஆசிரியரா, மாணவரா? கணித வகுப்பின் வரலாற்றை இக்கேள்வியோடு நோக்கினால் சில உண்மைகள் புலப்படும்.

நம் முன்னோரின் திண்ணைப் பள்ளியில் மணலே எழுதுபலகை. பிள்ளைகள் விரலால் எழுதினர், அழித்தனர், மீண்டும் எழுதினர். எண்சுவடியை ஒருவர் சொல்ல மற்றவர் திருப்பிச் சொன்னார்கள். சட்டாம்பிள்ளை இளையோருக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தார். 1789-இல் சென்னைக்கு அருகே ஆதரவற்ற சிறுவர் இல்லமொன்றின் பொறுப்பை ஏற்ற ஆண்ட்ரூ பெல் என்னும் ஸ்காட்லாந்துப் பாதிரியார், உள்ளூர்ப் பிள்ளைகள் மணலில் எழுதுவதைக் கண்டு அதனைத் தம் பள்ளியில் புகுத்தினார். மாணவரே மாணவருக்குக் கற்பிக்கும் முறையை வளர்த்து, 1797-இல் நூலாகவும் வெளியிட்டார். ‘மெட்ராஸ் முறை’ என்ற பெயரில் அது பிரிட்டனில் பரவியது.

மலாயாவுக்கு வருவோம். 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் 10 பேர் இருந்தாலே தோட்ட நிர்வாகம் பள்ளி அமைக்க வேண்டும் என்று விதித்தது. எங்கள் ராசா வட்டாரம் உட்பட நெகிரி செம்பிலானின் ரப்பர்த் தோட்டங்களில் தமிழ்க்கல்வி இத்தகைய பள்ளிகளை நம்பியே வளர்ந்தது. ஒரே கூடம், பல வகுப்புகள், பெரும்பாலும் ஓர் ஆசிரியர். பிள்ளை சிலேட்டில் கணக்கைச் செய்து உயர்த்திக் காட்டும். ஆசிரியர் ‘சரி’ அல்லது ‘தவறு’ என்பார். பிறகு ஈரத்துணி அனைத்தையும் துடைத்துவிடும். அப்பிள்ளை எவ்வாறு சிந்தித்தது என்பதை அடுத்திருந்த தோழன்கூட அறிய வழியில்லை. கரும்பலகையோ ஆசிரியரின் உடைமை. அதன் முன் அழைக்கப்படுவது பலருக்குத் தண்டனையாகவே தோன்றியது.

2003-இல் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்தில் கற்பிக்கப்படும் கொள்கை தொடங்கியது. தமிழ்ப்பள்ளிகளும் அதற்கு உட்பட்டன. ஆசிரியர்களுக்கு மடிக்கணினியும் ஒளிவீச்சுக் கருவியும் குறுவட்டுகளும் வழங்கப்பட்டன. அப்போது நான் புதிய ஆசிரியை. திரையில் வண்ணப்படங்கள் அசைந்தன, பிள்ளைகள் வியந்தனர். ஆனால் அத்திரையில் எம்மாணவர் எழுதிய ஒரு வரிகூட ஏறவில்லை. கருவி புதிது, பழக்கம் பழையது. 2009-இல் அக்கொள்கையைக் கைவிடுவதாக அரசு அறிவித்தது. பின்னர் வந்த ஃபிராக் இணையக் கற்றல் தளத்தின் இடத்தை 2019-இல் கூகுள் வகுப்பறை பிடித்தது. 2020-ஆம் ஆண்டு நடமாட்டக் கட்டுப்பாட்டின்போது கைப்பேசி வழியே மாணவரின் கையெழுத்துப் படங்கள் வந்து குவிந்தன. அவற்றை வகுப்பு முழுவதும் பார்க்கலாமே என்ற எண்ணம் எனக்கு அப்போதுதான் தோன்றியது.

ஜப்பானியத் தொடக்கப்பள்ளிகளில் மாணவரின் பல்வேறு தீர்வுகளைக் கரும்பலகையில் வரிசையாக அமைத்து, ஒப்பிட்டு விவாதிக்கும் மரபு உண்டு. மார்கரெட் ஸ்மித், மேரி கே ஸ்டெயின் ஆகிய அமெரிக்கக் கல்வியாளர்கள் 2011-இல் வெளியிட்ட நூலில் ஐந்து செயல்களை வகுத்துரைத்தனர்: எதிர்பார்த்தல், கவனித்தல், தேர்ந்தெடுத்தல், வரிசைப்படுத்துதல், இணைத்தல். இவற்றுள் எதற்கும் விலையுயர்ந்த கருவி தேவையில்லை என்பதே சிறப்பு.

அண்மையில் 402-இலிருந்து 178-ஐக் கழிக்கும் கணக்கைக் கொடுத்தேன். இரண்டு விடைகளைக் கைப்பேசியில் படமெடுத்துப் பெயரின்றித் திரையில் காட்டினேன். ஒரு மாணவி, மளிகைக் கடையில் மீதிச் சில்லறை எண்ணுவதுபோல் 178-லிருந்து 180, பிறகு 200, பிறகு 402 என்று ஏறி, 2, 20, 202 ஆகியவற்றைக் கூட்டி 224 பெற்றிருந்தாள். மற்றொரு விடை 376. “இந்த நண்பர் என்ன நினைத்திருப்பார்?” என்று மட்டுமே கேட்டேன். யாரும் சிரிக்கவில்லை. “376-உடன் 178-ஐக் கூட்டினால் 500-ஐத் தாண்டிவிடுமே” என்றாள் ஒருத்தி. சிறிது நேரம் கழித்துப் பின்வரிசைச் சிறுவன் எழுந்தான். “டீச்சர், அது என்னுடையது. ஒவ்வோர் இடத்திலும் பெரிய எண்ணிலிருந்து சின்ன எண்ணைக் கழித்துவிட்டேன்” என்றான்.

வழக்கமாகப் புத்தகத்தைக் கையால் மறைத்துக்கொள்ளும் சிறுவன் அவன்.

தோட்டப்பள்ளியில் ஈரத்துணி துடைத்துவிட்ட சிந்தனைகள் எத்தனையோ! அவற்றை இனி மீட்க இயலாது. இன்று நம் வகுப்பில் எழுதப்படும் தவறுகளையாவது துடைக்கும் முன் ஒருமுறை எல்லாருமாகப் பார்ப்போம்.